செவ்வாய்க்கிழமை தெரியாத நிலம்

மார்ச் 12, செவ்வாய்

தம்பிக்கு, அண்ணி எழுதுவது.

பெட்டியில் பதினாறு குப்பிகள் இருக்கின்றன. மண்ணில் பதித்த நான்கு வளையம், வளையத்துக்கு நான்கு குப்பிக் காற்று. எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை பதினைந்துதான் வந்தது என்று என்னைப் பதற வைத்துவிட்டு, பதினாறாவதை உங்கள் மேசை இழுப்பறையிலிருந்தே எடுத்தீர்களே, அந்தக் கதை இனி வேண்டாம்.

தேதி, நேரம், மண்ணின் சூடு, காற்றின் சூடு எல்லாம் உங்கள் ஆய்வுக்கூடத்துத் தாளில் எழுதித் தனியாக வைத்திருக்கிறேன். இது என் தாள். போனில் பேசினால் நீங்கள் 'ம்... ம்...' என்று கொட்டிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்ப்பீர்கள். கடிதம் என்றால் படித்துத்தான் தீரவேண்டும். அதனால்தான் பெட்டி மூடிக்குள் ஒட்டி அனுப்புகிறேன்.

பலகை வந்துவிட்டது! 'குறைந்த உமிழ்வு – முன்மாதிரி வயல்' என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வயல் வாசலில் இரண்டு இரும்புக் கால் நட்டு, நான்கு திருகாணி போட்டு உங்கள் அண்ணன்தான் மாட்டினார். சாலையில் போகிற பஸ் அந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகிறது. மேடு இருப்பதால்தான் என்கிறார் அவர். பலகையைப் படிக்கத்தான் என்கிறேன் நான். தினமும் காலையில் துணியால் ஒரு துடை துடைத்துவிடுகிறேன். "கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என் கண்ணாடியை ஒரு நாள் இப்படித் துடைச்சிருப்பியா?" என்று கேட்கிறார். நீங்களே சொல்லுங்கள், அவர் கண்ணாடியைப் பார்க்க பஸ் நிற்குமா?

உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு மாமனாரின் வயலுக்கு வந்தபோது, "ஊசி பிடிச்ச கைக்கு மண்வெட்டி எதுக்கு?" என்று உங்கள் சொந்தக்காரர்கள் எத்தனை பேர் கேட்டார்கள்! இப்போது அவர்களும் அந்த பஸ்ஸில்தான் போகிறார்கள்.

மழை இல்லை. இன்றோடு முப்பத்தெட்டு நாள். முன்பெல்லாம் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறையாவது வந்து எட்டிப் பார்க்கும். சோளம் முழங்கால் உயரத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. வளையத்தின் மேல் மூடியைக் கவிழ்த்துவிட்டு நாற்பத்தைந்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்தால் மண் சுடுகிறது.

அண்ணி

மார்ச் 16

அண்ணிக்கு,

பதினாறும் வந்து சேர்ந்தன. இழுப்பறையைப் பூட்டிவிட்டேன்.

இந்த வாரம் நம் வயல் மண் விட்ட வாயுவின் எண் 12. போன வாரம் 14, அதற்கு முந்தைய வாரம் 11. எங்கள் பன்னிரண்டு வயல்களிலும் இதுதான் மிகக் குறைவு. எங்கள் இயக்குநரை உங்களுக்குத் தெரியுமே, நாங்கள் 'கறார் சார்' என்று கூப்பிடுகிறவர். அவரே நேற்று மாடிப்படியில் என்னை நிறுத்தி, "உங்க வீட்டு வயல்தான்யா நம்ம மானத்தைக் காப்பாத்துது" என்றார். இந்தக் கட்டடத்தில் அவர் யாரையும் நிறுத்திப் பாராட்டி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அண்ணன் கேட்டாரே, 'அந்த வாயுவில் அப்படி என்ன இருக்கிறது' என்று. அவருக்கு இப்படிச் சொல்லுங்கள். நாம் போடும் யூரியாவைப் பயிர் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை. மிச்சத்தை மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்கள் தின்கின்றன. தின்றுவிட்டு நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன. பல் பிடுங்கும்போது மயக்கத்துக்குக் கொடுப்பார்களே, அதே சிரிப்பு வாயுதான். ஆனால் வானத்துக்குப் போனால் சிரிப்பில்லை. வண்டிப் புகையில் வரும் கரியமில வாயு ஒரு கிலோ பூமியைச் சூடாக்குவதைப் போல, இது ஒரு கிலோ கிட்டத்தட்ட இருநூற்றெழுபது மடங்கு சூடாக்கும்.

மே மாதம் அறிக்கை கொடுக்கிறோம். நம் வயலின் எண்ணை வைத்துத்தான் இதே மாதிரி மண் உள்ள எல்லா நிலத்துக்கும் பெருக்கிக் கணக்குப் போடுவார்கள். அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. அது மட்டும் மாறக் கூடாது. பன்னிரண்டு வயலிலும் அதே கிழமை, அதே நேரம். அப்போதுதான் ஒன்றோடு ஒன்று ஒப்பிட முடியும்.

பலகையை ரொம்ப அழுத்தித் துடைக்காதீர்கள். பெயிண்ட் போய்விடும்.

தம்பி

மார்ச் 26, செவ்வாய்

தம்பிக்கு,

முதலில் திட்டி முடித்துவிடுங்கள். இந்தப் பெட்டியில் பதினாறு இல்லை, முப்பத்தைந்து குப்பிகள் இருக்கின்றன. பதினாறு வழக்கமானவை. பத்தொன்பது நான் கேட்காமல் எடுத்தவை.

மழை வந்தது. வானொலியில் சொல்லிவிட்டார்கள் என்று போன செவ்வாய் மதியம் மேலுரமாக யூரியா தூவியிருந்தேன். மழைக்கு முன்னால் போட்டால் நனைந்து வேருக்கு இறங்கும், எல்லோரும் செய்வதுதான். வியாழக்கிழமை மதியம், நாற்பத்தேழு நாள் கழித்து, வானம் பொத்துக்கொண்டு கொட்டியது. மூன்று மணி நேரம். முன்பு ஒரு மாதத்தில் பெய்ததை ஒரே மதியத்தில் கொட்டிவிட்டுப் போய்விட்டது.

நின்றதும் வயலுக்குப் போனேன். மண்ணிலிருந்து ஒரு வாடை வந்தது. எல்லோரும் ரசிக்கிற மழை வாசனை இல்லை, அதற்கு அடியில் வேறொன்று. வார்டுக்குள் நுழைந்ததும் எந்தக் கட்டிலில் காய்ச்சல் ஏறுகிறது என்று சில நாள் எனக்குத் தெரிந்துவிடும். அந்த மாதிரி இருந்தது. அடுத்த செவ்வாய் வரைக்கும் ஐந்து நாள் இருக்கிறதே என்று நினைத்தேன். எந்த டாக்டராவது, 'காய்ச்சல் இப்ப வந்திருக்கா? பரவாயில்ல, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு தர்மாமீட்டர் வைங்க' என்று சொல்வாரா? நிலத்துக்கு என்ன, செவ்வாய்க்கிழமை தெரியுமா?

மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நடு வளையம் ஒன்றில் மட்டும்தான் எடுக்க முடிந்தது. வியாழன் சாயங்காலம், வெள்ளி காலை, வெள்ளி மாலை, சனி, ஞாயிறு. ஐந்து தடவை, தடவைக்கு நான்கு குப்பி. இருபது வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் குப்பி ஒன்றை உங்கள் அண்ணன் மிதித்துவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். வியாழக்கிழமை மறுபடியும் தூறியபோது முக்கால் மணி நேரம் குடை பிடித்தவர் அவர்தான். குடை எனக்கு என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். குப்பிப் பெட்டிக்குப் பிடித்திருந்தார். "நீ நனைஞ்சா காய்ஞ்சிடுவ, லேபிள் நனைஞ்சா அழிஞ்சிடும்" என்றார். அவருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது.

எண் என்ன என்று எழுதுங்கள். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்டுக்குக் காத்திருப்பதைப் போல இருக்கிறது.

அண்ணி

ஏப்ரல் 3

அண்ணிக்கு,

செவ்வாய்க்கிழமை எண் 31. வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல், கவலைப்பட ஒன்றுமில்லை.

அந்தப் பத்தொன்பதைப் பற்றி. அவற்றையும் கருவியில் போட்டுப் பார்த்தேன். வெள்ளிக்கிழமைக்கு 612 என்று வருகிறது. மாலை 655. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில்! இது நடக்காது அண்ணி. எங்கோ தவறியிருக்கிறது. மூடிக்குள்ளிருந்து காற்றை இழுக்கும் சிரிஞ்சை ஒரு முறைக்கு இரு முறை காற்றால் அலசவில்லையோ, மூடியின் குழாயைத் திறந்து வைத்துவிட்டீர்களோ, பக்கத்தில் டிராக்டர் ஓடியதோ, என்னவோ. ஈரத்தில், அவசரத்தில் எடுத்தது. வயல் வேலை செய்யும் கைக்கு இதெல்லாம் சகஜம்தான். எங்கள் பயிற்சி மாணவர்களுக்கே முதல் ஆறு மாதம் தவறும்.

பதிவேட்டில் அந்தப் பத்தொன்பதுக்கும் நேராக 'கைப்பிழை' என்று எழுதித் தள்ளிவிட்டேன். அறிக்கையில் சேராது. நீங்கள் சிரமப்பட்டது வீணாகப் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஒரு விதத்தில் நல்லது. பலகை பத்திரமாக இருக்கும்.

இனிமேல் செவ்வாய் மட்டும் எடுங்கள், போதும்.

தம்பி

ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய ஆய்வாளர் ஐயா அவர்களுக்கு,

இத்துடன் காலிப் பெட்டியை அனுப்பியிருக்கிறேன். நாளை செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு நான் களை எடுத்துக்கொண்டிருப்பேன்.

நான் குழந்தைகள் வார்டில் பதினோரு வருடம் ரத்தம் எடுத்தவள். பிறந்து இரண்டு நாள் ஆன குழந்தைக்கு நரம்பு எவ்வளவு மெல்லியது தெரியுமா உங்களுக்கு? தையல் நூல். அதில் ஊசி இறக்கும்போது, பக்கத்தில் நிற்கிற தாயின் மூச்சு நிற்கும். என் கை நடுங்கியதே இல்லை. உங்கள் சிரிஞ்சு ரப்பர் அடைப்பில் இறங்குகிறது. ரப்பர் அழாது, உதைக்காது, கையை இழுத்துக்கொள்ளாது.

அலசவில்லையா? மூன்று முறை அலசினேன். குழாயைத் திறந்து வைத்தேனா? மூடிவிட்டு ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு 'மூடியாச்சு' என்று சொல்வேன், வார்டுப் பழக்கம். உங்கள் அண்ணனைக் கேளுங்கள், அதைக் கேட்டுக் கேட்டு அவர் வீட்டுக் கதவைச் சாத்தினால்கூட 'மூடியாச்சு' என்கிறார். டிராக்டர் ஓடியதா? சேற்றில் டிராக்டரா? நீங்கள் இந்த வீட்டில்தான் பிறந்து வளர்ந்தீர்களா?

இன்னொன்றும் ஞாபகப்படுத்துகிறேன். பன்னிரண்டு வயதில் ஒரு வாரக் காய்ச்சலோடு எங்கள் வார்டுக்கு வந்தீர்கள். இரண்டு பேர் ஐந்து இடத்தில் குத்தியும் ரத்தம் கிடைக்கவில்லை. கத்திக் கூரையைப் பிளந்தீர்கள். நான் வந்து ஒரே குத்தில் எடுத்தேன். 'அக்கா, முடிஞ்சிடுச்சா?' என்று கேட்டீர்கள். வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த உங்கள் அண்ணன்தான், மூன்று மாதம் கழித்துப் பெண் கேட்டு வந்தார். இந்தக் குடும்பத்துக்குள் நான் வந்ததே இந்தக் கையால்தான். அதற்கு நேராகத்தான் நீங்கள் 'கைப்பிழை' என்று எழுதியிருக்கிறீர்கள்.

தவறு என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். எப்படித் தவறு என்று காட்டுங்கள். காட்டாமல் என் கையைச் சொல்லாதீர்கள். அந்தச் சொல் பதிவேட்டில் இருக்கிற வரைக்கும் இங்கிருந்து ஒரு குப்பி வராது. போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன்.

இப்படிக்கு,
வயல் வேலை செய்யும் கை

ஏப்ரல் 14

அண்ணிக்கு,

நான்கு நாளாகப் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. அண்ணன் எடுத்து, "தம்பி, நான் உன்கிட்ட பேசினா எனக்கு இங்க சாப்பாடு கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆகவே எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்த அன்று எனக்கும் கோபம்தான் வந்தது. தவறு எப்படி நடந்தது என்று காட்டுங்கள் என்றீர்களே, காட்டிவிடுவோம் என்றுதான் அந்தப் பத்தொன்பதின் கோடுகளையும் எடுத்து விரித்தேன். இந்த இடத்தில் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

மூடியைக் கவிழ்த்ததும் ஒன்று, பதினைந்து நிமிடத்தில் ஒன்று, முப்பதில் ஒன்று, நாற்பத்தைந்தில் ஒன்று. நான்கு குப்பி, நான்கு புள்ளி. மண்ணிலிருந்து வாயு உண்மையிலேயே வந்துகொண்டிருந்தால் மூடிக்குள் அது சீராகச் சேரும், நான்கு புள்ளியும் ஒரே கோட்டில் ஏறும். கை தவறியிருந்தால், காற்று கசிந்திருந்தால், புகை புகுந்திருந்தால், புள்ளிகள் தாறுமாறாகச் சிதறும். பிழை ஒருபோதும் வரிசையில் நிற்காது.

உங்களுடையவை நூல் பிடித்ததைப் போல நிற்கின்றன அண்ணி. ஐந்து தடவையும். மிதிபட்ட குப்பி இல்லாத ஞாயிற்றுக்கிழமையில்கூட மூன்று புள்ளியும் ஒரே கோடு. வியாழன் 190, வெள்ளி 612, 655, சனி 480, ஞாயிறு 230. ஏறி, உச்சிக்குப் போய், இறங்குகிறது. நீங்கள் சொன்ன காய்ச்சலேதான். அந்தச் செவ்வாய்க்கிழமை 31, அதன் வால். நான் அதைப் பார்த்தும் 'கவலைப்பட ஒன்றுமில்லை' என்று எழுதினேன்.

இதை நான் முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். பயிற்சி மாணவன்கூடக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் எண்ணைத் தள்ளுவான். நான் கோட்டைத் திறக்கவே இல்லை. எண்ணைப் பார்த்தேன், பிடிக்கவில்லை, தள்ளினேன். ஏன் பிடிக்கவில்லை என்று உங்களிடம் மறைத்துப் பயனில்லை. நம் வயல் பன்னிரண்டிலும் சிறந்தது என்று மூன்று வருடமாக நான்தான் மேடைக்கு மேடை பேசி வருகிறேன். அந்தப் பலகைக்கு எழுதிக் கேட்டதும் நான்தான்.

நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். நாற்பத்தேழு நாள் காய்ந்த மண்ணில் நுண்ணுயிர்கள் பட்டினியாகச் சுருண்டு கிடந்தன. மண் வேறு சூடாக இருந்தது. மேலே புது யூரியா. ஒரே மதியத்தில் அத்தனை தண்ணீர் விழுந்ததும் எல்லாம் ஒன்றாக விழித்து ஒரேயடியாகத் தின்றிருக்கின்றன. முன்பு பத்து நாளுக்கு ஒரு தூறல் வந்தபோது இது இவ்வளவு பெரிதாக நடந்திருக்காது. இப்போது வறட்சியும் நீளம், மழையும் மூர்க்கம். வெயில் ஏறினால் மண் அதிகமாக விடுகிறது, மண் விட்டது போய் மறுபடியும் வெயிலை ஏற்றுகிறது. நாங்கள் செவ்வாய்க்கிழமை தோறும் போய், அது தூங்கும் நேரம் பார்த்து அளந்துகொண்டு வந்திருக்கிறோம்.

'கைப்பிழை'யை அடித்துவிடுகிறேன். அதில் இரண்டாம் பேச்சில்லை. ஆனால் அறிக்கையில் சேர்ப்பதைப் பற்றி உங்களைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. ஒரே வளையம், ஒரே மழை. 'ஒரு முறை கூடுதலாகத் தெரிந்தது' என்று அடிக்குறிப்பாகப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். சேர்த்தால் பலகை போய்விடும். பஸ்ஸில் போகிறவர்கள் அதையும் பார்ப்பார்கள்.

என்ன செய்யட்டும்?

தம்பி

ஏப்ரல் 22

தம்பிக்கு,

பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது. கோபம் இல்லை. கோபம் உங்கள் கடிதத்தின் நான்காவது பத்தியிலேயே போய்விட்டது. 'நூல் பிடித்ததைப் போல' என்ற வரியை உங்கள் அண்ணனிடம் நான்கு தடவை படித்துக் காட்டினேன். ஐந்தாவது தடவை அவரே மனப்பாடமாகச் சொன்னார்.

தாமதத்துக்குக் காரணம் பலகை. மறைக்காமல் சொல்கிறேன், அடிக்குறிப்பு என்று நீங்கள் எழுதியதும் ஒரு மனசு 'அப்பாடா' என்றது. இரண்டு நாள் அந்த மனசோடுதான் பலகையைத் துடைத்தேன். மூன்றாம் நாள் துடைக்கும்போது கை நின்றுவிட்டது. இந்த எழுத்து என் வயலைப் பற்றி ஒன்று சொல்கிறது, நான் எடுத்த பத்தொன்பது குப்பி வேறொன்று சொல்கிறது. இரண்டுக்கும் கீழே என் கைதான் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றை விட்டால், 'கைப்பிழை' என்று நீங்கள் எழுதியது சரி என்று நானே ஒப்புக்கொண்டதாக ஆகும்.

வார்டில் ஒரு முறை ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனை மோசமாக வந்தது. தகப்பனார் என்னிடம் வந்து, "சிஸ்டர், நல்லா வந்ததுன்னு சொல்லிடுங்களேன், வீட்ல பாவம் தாங்க மாட்டா" என்றார். நான் சொல்லவில்லை. சொல்லாததால் மருந்து அன்றைக்கே ஆரம்பித்தார்கள். அந்தக் குழந்தை இப்போது பஸ் கண்டக்டர். பலகைக்கு முன்னால் மெதுவாகப் போகிறதே, அந்த பஸ்தான்.

அதனால் திருப்புளியைக் கொண்டுவரச் சொன்னேன். உங்கள் அண்ணன், "நான் கழட்டுறேன், விடு" என்றார். விடவில்லை. நான்கு திருகாணியையும் நானே கழற்றினேன். மூன்று சுலபமாக வந்தது. நான்காவது துருப்பிடித்துப் படுத்தியது. எனக்குக் கண் கலங்கியது என்று அவர் உங்களிடம் சொன்னால், துரு தூசி என்று வைத்துக்கொள்ளுங்கள். இல்லை, அழுதேன். கொஞ்சம்தான்.

எல்லாவற்றையும் எழுதுங்கள். அடிக்குறிப்பு வேண்டாம், நடுப்பக்கத்தில் எழுதுங்கள். மழைக்கு இரண்டு நாள் முன்னால் யூரியா தூவியது நான் என்பதையும் எழுதுங்கள். இந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம், மழையை நம்பித் தூவுவதுதான் புத்திசாலித்தனம் என்று நினைத்திருந்தேன். அடுத்த தடவை வேறு மாதிரி செய்து அளந்து பார்க்கப்போகிறேன். அதற்கு இன்னும் நாற்பது குப்பி அனுப்புங்கள்.

நாளை செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கு எடுத்துவிடுவேன், கவலை வேண்டாம். களை காத்திருக்கும்.

அண்ணி

மே 31

அண்ணிக்கு,

நேற்று அறிக்கைக் கூட்டம் முடிந்தது. நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

இரண்டாம் மாடிக் கூட்ட அறை. நீள மேசை, பதினான்கு பேர், வேலை செய்யாத ஒரு மின்விசிறி. என் முறை வந்ததும், மூன்று வருடமாக நான் பேசிவந்தது பாதிதான் உண்மை என்று ஆரம்பித்தேன். யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். உங்கள் ஐந்து கோடுகளையும் திரையில் போட்டேன்.

கறார் சார் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். "யார் எடுத்தது இதை?"

"எங்க அண்ணி சார்."

"முறையா பயிற்சி எடுத்தவங்களா?"

"குழந்தைங்க வார்டுல பதினோரு வருஷம் ரத்தம் எடுத்தவங்க சார். எனக்கே எடுத்திருக்காங்க."

"வலிச்சுதா?"

"இல்ல சார்."

"அப்ப சரி, மேல சொல்லு."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்த நான்கு நாளில் அந்த இடத்து மண் விட்ட வாயு, செவ்வாய்க்கிழமைக் கணக்குப்படி நான்கு மாதத்தில் விட வேண்டியது. ஒரு வளையத்தை வைத்துச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்காகத்தான் இந்த மாதம் மழை பெய்த இரண்டு வயல்களுக்கு எங்கள் ஆட்களை மறுநாளே அனுப்பியிருந்தேன். ஒன்றில் 510, இன்னொன்றில் 380. இரண்டும் செவ்வாய்க்கிழமைகளில் சாதுவாக இருந்த வயல்கள்தான். அந்தத் தாளைக் கொடுத்ததும் அவர் உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல் பன்னிரண்டு வயலிலும், நீண்ட வறட்சிக்குப் பிறகு மழை பெய்தால், பெய்த அன்றிலிருந்து ஐந்து நாள் அளக்க வேண்டும் என்று விதி எழுதியாகிவிட்டது. பழைய எண்களைப் பெருக்கிப் போட்ட கணக்குகளையும் திரும்பப் பார்க்கப்போகிறார்கள். விதியின் பெயர் என்னமோ நீளமாக வைத்திருக்கிறோம். ஆனால் இன்று காலையில் நான் மாடிப்படி ஏறும்போது, கறார் சார் மேலேயிருந்து யாரிடமோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "ஏழாம் நம்பர் வயல்ல மழையாமே, அண்ணி ரீடிங் எடுக்க ஆள் போயாச்சா?"

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது அண்ணி. உங்களைவிடப் பதினேழு வயது மூத்தவர். இந்தக் கட்டடத்தில் இன்று எல்லோருக்கும் நீங்கள்தான் அண்ணி. இத்தனை நாள் அந்த வயலால் எனக்குப் பெருமை என்று நினைத்திருந்தேன்.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து இணைத்திருக்கிறேன். 'கைப்பிழை' பத்தொன்பது இடத்திலும் அடிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என் கையெழுத்து. ஓரத்தில் 'பிழை அளந்தவருடையது அல்ல, படித்தவனுடையது' என்று எழுதியிருக்கிறேன். அறிக்கையின் முதல் பக்கத்தில் உங்கள் பெயர் என் பெயருக்கு மேலே இருக்கிறது.

மன்னித்துவிட்டீர்களா என்று கேட்க மாட்டேன். நாற்பது குப்பி இந்தப் பெட்டியில் இருக்கிறது.

தம்பி

செப்டம்பர் 17, செவ்வாய்

தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய எண்கள் சனிக்கிழமை கிடைத்தன. முப்பத்தாறு நாள் வறட்சி, அதன் பிறகு அதே மாதிரி ஒரு மூர்க்க மழை. ஆனால் இந்தத் தடவை உச்சி 240. அன்றைக்கு 655, இன்றைக்கு 240!

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. வானொலி மழை என்றதும் எல்லோரும் யூரியா மூட்டையைப் பிரித்தார்கள், நான் கட்டினேன். மழை பெய்து, தண்ணீர் வடிந்து, மண்ணின் கொதிப்பு அடங்கிய பிறகு, மூன்றில் ஒரு பங்கை மட்டும் வேரோரமாக மண்ணுக்குள் வைத்தேன். மிச்சத்தைப் பயிர் கேட்கக் கேட்கக் கொடுத்தேன். முதலில் பக்கத்து வயல்காரர் வரப்பில் நின்று, "என்னம்மா, உரத்தைப் போடாம வச்சு அழகு பாக்கறீங்களா?" என்றார். போன வாரம் அவரே வந்து மூடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "என் வயல்லயும் ஒரு தடவை வச்சுப் பாப்போமா?" என்று கேட்டார். வைத்தேன். அவருடைய குப்பிகள் இந்தப் பெட்டியில் நீல லேபிளோடு இருக்கின்றன.

ஒரு மழையை வைத்து மார் தட்டக் கூடாது, இன்னும் நாலைந்து மழை பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, தட்டவில்லை. லேசாகத் தடவிக்கொண்டேன்.

உங்கள் கறார் சார் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். 'மழை நாள் அளவீட்டு முன்னோடி வயல்' என்று புதுப் பலகை தருகிறார்களாம், பழையதைத் திருப்பி அனுப்பினால் அதன் மேலேயே எழுதிக் கொடுப்பார்களாம். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பலகையைத் திருப்பி அனுப்ப முடியாது என்றும் சொல்லுங்கள். உங்கள் அண்ணன் அதைக் கவிழ்த்துப் போட்டு, நான்கு கால் வைத்து, நடு வளையத்துக்குப் பக்கத்தில் மேசையாக நட்டுவிட்டார். சிரிஞ்சும் குப்பியும் கடிகாரமும் அதன் மேல்தான் இருக்கின்றன. மழை பெய்தால் அதற்கு மேல் குடை பிடிக்கிறார். பச்சை எழுத்து அடியில் இருக்கிறது, மண்ணைப் பார்த்தபடி. ஒரு நாள் அந்த எழுத்து உண்மையானால், நானே நிமிர்த்தி வைக்கிறேன். எப்போது உண்மையாகிறது என்று எனக்குத்தான் முதலில் தெரியும், அளக்கிறவள் நான்தானே.

வாசலில் இரண்டு இரும்புக் கால் மட்டும் வெறுமனே நிற்கிறது. பஸ் இப்போதும் அங்கே மெதுவாகத்தான் போகிறது. நேற்று கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு, "சிஸ்டர், எவ்வளவு வந்துச்சு?" என்று கத்தினார். "இருநூத்தி நாப்பது!" என்று நானும் கத்தினேன். பஸ்ஸில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அவர் கை தட்டினார்.

இன்று மழை இல்லை. பத்து மணிக்கு வழக்கம்போல எடுத்தேன். பக்கத்து வயல்காரருடையது நான்கு, நம்முடையது பதினாறு, மொத்தம் இருபது. மூடியாச்சு.

அண்ணி